பயந்த பூனையை எப்படிக் கையாள்வது?

பூனை விறாண்டுவது அதன் கடைசிப் பேச்சு. அதற்கு முன்னர் காதால், கண்ணால், வாலால், முதுகுத் தோலால் பலதடவை சொல்லி முடித்திருக்கும். இலங்கையின் வன்னி வளவுகளில் பூனை வளரும் விதமோ அந்தப் பேச்சைக் கேட்கவே வாய்ப்பில்லாமல் செய்துவிடுகிறது. நெல் மூட்டையை எலி வெட்டாமல் இருக்க ஒரு பூனை வேண்டும். சோறும் மீன்தலையும் வைப்பார்கள். அது குசினிக்கும் வைக்கோல் போருக்குமாகத் திரியும். ஆனால் யாரும் அதைத் தூக்கிப் பழகியிருக்க மாட்டார்கள். பிறகு ஒருநாள் கால் வீங்கி, அல்லது சாப்பாடு இறங்காமல் ஒரு மூலையில் கிடக்கும். அன்றைக்கு நாலுபேர் சேர்ந்து துரத்தி மடக்கி, உரப்பையில் போட்டுக் கட்டி, மோட்டார் சைக்கிளில் ரவுண் வரைக்கும் கொண்டுபோவார்கள். பையை அவிழ்த்தால் மிருக வைத்தியராலும் தொட முடியாது.

இதில் பூனையின் குணத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது வேட்டையாடும் விலங்குதான். ஆனால் நாய்க்கும் நரிக்கும் மலைப்பாம்புக்கும் தானே இரையாகக்கூடிய அளவுள்ள விலங்கும்கூட. ஓட வழி இருந்தால் ஓடும். வழி அடைபட்டால்தான் அடிக்கும். துரத்தல், பை, இஞ்சின் சத்தம், வெயில், நாய் மணம், அந்நியக் கை என்று பயம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. தனித்தனியே வந்தால் தாங்கக்கூடிய பூனைகூட, எல்லாம் சேர்ந்து வந்தால் தாங்காது. அப்படி ஏறிய பயம் இறங்க மணித்தியாலக்கணக்கு ஆகும். ஆகவே வேலை பிடிக்கும் நேரத்துக்கு நெடுநாள் முன்னரே தொடங்குகிறது. அந்த ஆறு பயங்களில் எத்தனையை முன்கூட்டியே நீக்கலாம் என்பதுதான் கேள்வி.

உடம்பு சொல்வதை வாசித்தல்

முதலில் கண்மணி. வெயிலில் அது கோடாக ஒடுங்கியிருக்க வேண்டும். பட்டப்பகலில், முற்றத்து வெளிச்சத்தில், கண்மணி வட்டமாக விரிந்து கறுப்பாகத் தெரிந்தால் பயமோ வலியோ கடும் கிளர்ச்சியோ இருக்கிறது. இருட்டான அறையில் விரிந்திருப்பது இயல்பு. எனவே வெளிச்சத்தைக் கணக்கில் எடுக்காமல் கண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது.

காது முன்னோக்கி இருந்தால் கவனமாக இருக்கிறது. பக்கவாட்டில் திரும்பினால் சங்கடப்படத் தொடங்கிவிட்டது. தலையோடு ஒட்டப் படிந்துவிட்டால் உங்கள் கை அங்கே இருக்கக்கூடாது.

வாலை நாயின் வாலைப் போல வாசிப்பதால்தான் பலர் கடி வாங்குகிறார்கள். பூனை வாலை நட்டுக்கொண்டு, நுனியைச் சற்று வளைத்தபடி வந்தால் அது நட்பு. வால் நுனி மட்டும் துடித்தால் ஏதோ அதை உறுத்துகிறது, அல்லது இரை ஒன்றில் கண் வைத்திருக்கிறது. வால் முழுவதும் அங்குமிங்கும் வீசி நிலத்தில் அடித்தால் "போதும், விடு" என்று பொருள். வால் மயிர் சிலிர்த்துத் தடித்தாலோ, வால் உடம்புக்குக் கீழே ஒடுங்கினாலோ கடும் பயம்.

தடவிக்கொண்டிருக்கும்போது கவனிக்க வேண்டிய சின்ன அடையாளங்கள் வேறு உண்டு. முதுகுத் தோல் அலையாக ஒருமுறை துடிக்கும். சுகத்தில் தொண்டைக்குள் குர்ர் என்று எழும் உறுமல் திடீரென்று நிற்கும். சாப்பிடாத நேரத்தில் உதட்டை நக்கும். தலை உங்கள் கைப்பக்கம் சட்டென்று திரும்பும். இவற்றில் எது வந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அடுத்த சில விநாடிக்குள் வரவிருக்கும் கடி அதோடு நின்றுவிடும்.

ஆகக் கூடுதலாகத் தவறாக விளங்கப்படுவது அசையாமல் இருப்பது. நாலு காலையும் உடம்புக்குக் கீழே இழுத்து, தலையைத் தாழ்த்தி, விறைத்துப்போய் இருக்கும் பூனையைப் பார்த்து "இப்ப அடங்கிட்டுது" என்பார்கள். அது அடங்கவில்லை, பயத்தில் உறைந்திருக்கிறது. மேசையில் வைத்து ஊசி போடும்போது திடீரென்று பாய்ந்து கடிப்பவை பெரும்பாலும் இப்படி உறைந்திருந்த பூனைகள்தான். அமைதியான பூனையின் உடம்பு தளர்ந்து கிடக்கும், கண் பாதி மூடியிருக்கும்.

வயிற்றைக் காட்டிப் புரள்வது உங்களை நம்புவதன் அடையாளம். வயிற்றைத் தடவச் சொல்லும் அழைப்பென்று அதை எடுக்க வேண்டாம். அங்கே கை வைத்தால் நாலு காலாலும் பற்றிக்கொள்ளும்.

பூனையோடு பேச மனிதருக்கு எளிதாகக் கிடைக்கும் வழி கண் சிமிட்டல். நேரே உற்றுப் பார்ப்பது அதற்கு மிரட்டல். கண்ணைப் பாதி மூடி, மெதுவாக முழுதும் மூடித் திறந்து, பார்வையைப் பக்கத்துக்குத் திருப்புங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி மெதுவாகச் சிமிட்டிய மனிதருக்குப் பூனைகளும் திருப்பிச் சிமிட்டின. முன்பின் அறியாதவர் சிமிட்டிவிட்டுக் கை நீட்டியபோதும் கிட்ட வந்தன.

வலியைக் கண்டுபிடித்தல்

குர்ர் என்று உறுமுகிறது என்பதற்காகப் பூனை சுகமாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். குட்டி ஈனும்போதும், எலும்பு முறிந்த நிலையிலும், சாகும் தறுவாயிலும்கூடப் பூனை உறுமும். வலியை முகத்தில்தான் பார்க்க வேண்டும். கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019 இல் வெளியிட்ட முக அளவுகோலை வீட்டில் வைத்தே பயன்படுத்தலாம். காதின் நிலை, கண் இடுங்கல், மூக்கு-வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசையின் நிலை, தலையின் நிலை ஆகிய ஐந்துக்கும் 0, 1, 2 என்று புள்ளி கொடுக்க வேண்டும். காதுகள் ஒன்றைவிட்டொன்று விலகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், கண் இடுங்கியிருந்தால், மீசை விறைத்து முன்னோக்கி நீண்டிருந்தால், தலை தோளுக்குக் கீழே தொங்கினால் புள்ளி ஏறும். மொத்தம் பத்தில் நாலைத் தொட்டால் வலிக்கு மருந்து தேவை. இதைத் தூங்கும்போதோ சாப்பிடும்போதோ பார்க்கக்கூடாது. விழித்துச் சும்மா இருக்கும்போது அரை நிமிடம் தள்ளியிருந்து பாருங்கள்.

வழக்கமாக ஏறும் நெல் மூட்டைமேல் ஏறாமல் விடுவது, உடம்பை நக்காமல் மயிர் திரண்டுபோவது, பத்திக்கு வராமல் விறகுக் குவியலுக்குள்ளேயே கிடப்பது ஆகியவையும் வலியின் அடையாளங்கள்தான். "வயசு போயிட்டுது" என்று விட்டுவிட வேண்டாம்.

மூன்று நிலைமைகளில் பழக்குவதற்கெல்லாம் நேரமில்லை, உடனே புறப்பட வேண்டும். கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் குழாய் அடைத்திருக்கிறது. ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் பருக்கிக்கொண்டிருப்பதால் போன உயிர்கள் பல. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது நாய்க்கு இயல்பு, பூனைக்கு ஆபத்து. ஒரு நாள் முழுவதும் எதுவும் சாப்பிடாத பூனையை, முக்கியமாகக் கொழுத்த பூனையை, இரண்டாம் நாளும் வைத்திருந்தால் ஈரல் கெடத் தொடங்கும்.

வலி என்று தெரிந்தாலும் பனடோல் மட்டும் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள பரசிற்றமோலை உடைக்கும் நொதியம் பூனையின் ஈரலில் போதாது. ஒரே ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்குப் பூசும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் பூனைக்கு நஞ்சு. நாயையும் பூனையையும் ஒரே வளவில் வைத்திருப்பவர்கள், நாய்க்குப் பூசிய மருந்து காயும்வரை இரண்டும் ஒட்டிப் படுக்காமல் பார்க்க வேண்டும்.

தொடுதலும் தூக்குதலும்

நீங்கள் பூனையிடம் போகாதீர்கள். சற்றுத் தள்ளி, அதற்குப் பக்கவாட்டாக நிலத்தில் இருந்துகொண்டு, ஒரு விரலை அதன் மூக்கின் உயரத்துக்கு நீட்டி வைத்திருங்கள். வந்து மணந்துவிட்டுக் கன்னத்தை உரசினால் அனுமதி கிடைத்துவிட்டது. மணந்துவிட்டு விலகிப்போனால் இன்றைக்கு வேண்டாம். கன்னம், தாடைக்குக் கீழ், காதுக்கு முன்னால் உள்ள இடம் ஆகிய மூன்றும் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடித்தவை. அங்கேதான் அவற்றின் மணச் சுரப்பிகள் இருக்கின்றன. மூன்று விநாடி தடவி, கையை எடுத்து, பொறுத்துப் பாருங்கள். தலையால் முட்டி மறுபடி கேட்டால் தொடருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இந்த மூன்று விநாடிக் கணக்கைத்தான். ஒரு கையால் மட்டும் தடவ வேண்டும், துரத்தக்கூடாது, சாப்பிடும்போதும் படுத்திருக்கும்போதும் தொடக்கூடாது என்பவை அடுத்து வரும்.

தூக்கும்போது ஒரு கை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுக்குக் கீழே போக வேண்டும். மற்றக் கை பின்னங்கால்களையும் பிட்டத்தையும் தாங்க வேண்டும். உடனே உங்கள் வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். பின்னங்கால் அந்தரத்தில் தொங்கினால் பூனை எதையாவது பற்றப் பார்க்கும். பற்றக் கிடைப்பது உங்கள் தோல்தான்.

பிடரியில் பிடித்துத் தூக்குவது எங்கும் பரவிய பழக்கம். தாய்ப்பூனை அப்படித்தானே தூக்குகிறது என்பார்கள். அது சில கிழமை வயதுள்ள, கையளவு குட்டியைத் தூக்குகிறது. நாலு கிலோ எடையுள்ள வளர்ந்த பூனையின் முழுப் பாரமும் பிடரித் தோலில் தொங்கினால் வலிக்கும். அது அசையாமல் இருப்பதும் மேலே சொன்ன உறைதல்தான். அப்படிப் பிடிக்கப்பட்ட பூனை அடுத்த முறை கையைக் கண்டதுமே ஓடும்.

அடித்துத் திருத்துவதும் அப்படியே. மீனில் வாய் வைத்ததற்காக அடித்தால், மீனை எடுக்கக்கூடாது என்பதைப் பூனை படிக்காது. அடித்த ஆளுக்குக் கிட்டப் போகக்கூடாது என்பதைத்தான் படிக்கும். மீனை மூடி வையுங்கள்.

குட்டி இருக்கும் வீட்டுக்கு இந்த வேலையெல்லாம் பாதியாகக் குறையும். இரண்டாவது கிழமையிலிருந்து ஏழாவது கிழமை வரைக்கும் குட்டி எதையெல்லாம் தொட்டுப் பழகுகிறதோ அதற்குப் பிற்காலத்தில் பயப்படாது. தாய் சாக்கு மறைவில் போட்டிருந்தாலும், தாய் அனுமதிக்கும் அளவுக்கு ஒவ்வொரு நாளும் சில நிமிடம் கையில் எடுத்து, காதைத் தொட்டு, வாயை விலக்கிப் பார்த்து, பாதத்தை மெல்ல அழுத்தி நகத்தை வெளியே வரச்செய்து விடுங்கள். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகப் பலர் தொடுவது நல்லது. எட்டுக் கிழமைக்கு முன்னர் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம்.

துவாய்ச் சுற்றும் குளிசையும்

மருந்து கொடுக்க ஆள் பலம் தேவையில்லை. தடித்த குளியல் துவாய் ஒன்று போதும், 70 சென்ரிமீற்றர் அகலமும் 140 நீளமும் உள்ளது நல்லது. கதவு யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் பூனையைக் கூப்பிட வேண்டும். பூனையைப் பிடித்துக்கொண்டு மருந்தைத் தேடுவதில்தான் பாதிப் போராட்டம் நடக்கிறது.

1. துவாயின் நீளம் இடம்-வலமாக வரும்படி மேசையில் விரியுங்கள். பூனையை நடுவில், உங்களுக்கு முதுகு காட்டி வையுங்கள். கழுத்திலிருந்து முன் விளிம்பு வரைக்கும் ஒரு சாண் துவாய் மிஞ்சட்டும்.
2. இடப்பக்கத் துவாயை முதுகுக்கு மேலாக இறுக்கமாகக் கொண்டுவந்து வலப்பக்க உடம்புக்குக் கீழே செருகுங்கள். முன்னங்கால் இரண்டும் உள்ளே இருக்க வேண்டும்.
3. முன்னால் மிஞ்சிய விளிம்பைத் தாடைக்குக் கீழாகக் கழுத்தைச் சுற்றி மடியுங்கள். முன்னங்கால் வெளியே வரும் வழி இங்கேதான்.
4. வலப்பக்கத்தையும் அதேபோல மேலாகச் சுற்றி, பின்பக்கத்தை உள்ளே மடித்து, உங்கள் வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துக்கும் துவாய்க்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். தளர்வாகச் சுற்றுவதுதான் வழக்கமான பிழை. தளர்ந்தால் பூனை திமிறும், திமிறத் திமிறப் பயம் ஏறும். சித்திரை, வைகாசி வெக்கையில் இரண்டு மூன்று நிமிடத்துக்குமேல் சுற்றி வைத்திருக்க வேண்டாம். மூச்சு வேகமானால் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

குளிசையை முதலில் மீனில் மறைத்துப் பாருங்கள். முள் நீக்கிய சூடை மீன் மூன்று சிறு உருண்டையாகட்டும். முதலாவதில் மருந்து இல்லை, இரண்டாவதில் மருந்து, மூன்றாவதை இரண்டாவது விழுங்கும் முன்னரே மூக்குக்கு நேரே காட்ட வேண்டும். அடுத்ததற்கு அவசரப்படும் பூனை மெல்லாமல் விழுங்கும். எடுபடாவிட்டால் வாயில்தான் போட வேண்டும். இடக்கையால் தலையை மேலிருந்து பிடித்து, பெருவிரலும் நடுவிரலும் வேட்டைப் பல்லுக்குப் பின்னால் வாயின் இரு ஓரத்திலும் வர, மூக்கு மேலே பார்க்கும்படி சற்றுச் சரியுங்கள். கீழ்த்தாடை தானாகத் தளரும். வலக்கை நடுவிரலால் முன்பல்லை மெல்ல அழுத்தித் திறந்து, குளிசையை நாக்கின் அடிப்பகுதியில், நடுவில் போட்டு வாயை மூடுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது.

அதோடு முடியவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில் 3 முதல் 5 மில்லிலீற்றர் தண்ணீரை வாயின் பக்க ஓரத்தால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெறும் குளிசை பூனையின் தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொள்ளும். டொக்சிசைக்கிளின் போன்ற மருந்து அங்கே தங்கினால் குழாயைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடும், பிறகு சோறே இறங்காது. தண்ணீரை நேரே தொண்டைக்குள் பாய்ச்சினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். கசப்பு மருந்து நாக்கில் பட்டுப் பூனை நுரை தள்ளினால் பதற வேண்டாம், அது கசப்புக்குத்தான். சிறிது மீன் அவித்த தண்ணீர் கொடுத்தால் அடங்கும்.

மாரியும் வெடியும்

கோடையில் வளவு மணலில் கிடங்கு தோண்டிப் போகும் பூனை, ஐப்பசி மழையில் முற்றம் வெள்ளக்காடானதும் நெல் சாக்கில் போகும். அது பழிவாங்கவில்லை, காய்ந்த மணல் தேடுகிறது. பத்தியில் அல்லது விறாந்தை மூலையில், பூனையின் உடம்பைப்போல ஒன்றரை மடங்கு நீளமான அகன்ற பேசின் ஒன்றில் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அரித்த காய்ந்த மணலைப் போட்டு வையுங்கள். புரட்டாதியிலேயே இரண்டு மூன்று சாக்கு மணலை அரித்துக் காயவைத்து எடுத்து வைப்பது நல்லது. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பேசின் கூடுதலாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குக் கிட்ட வைக்கக்கூடாது. மலத்தை ஒவ்வொரு நாளும் எடுத்துவிடுங்கள். அதிலிருக்கக்கூடிய டொக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதால் தினமும் எடுப்பது வீட்டாருக்கும் பாதுகாப்பு. கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். பேசினைப் பினோல் ஊற்றிக் கழுவாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு, மணமும் பூனையைத் துரத்தும். சவர்க்காரத் தூளும் வெயிலும் போதும்.

குந்தாமல் நின்றபடி, வாலை நடுக்கிக்கொண்டு, சுவரிலோ கதவிலோ பின்பக்கமாகச் சிறுநீர் அடிப்பது வேறு விஷயம். அது கடுவன் எல்லை குறிப்பது. நலம் அடித்தால், அதாவது விதை நீக்கினால், பெரும்பாலானவை நிறுத்திவிடும்.

காட்டோரக் கிராமங்களில் இரவில் யானை வெடி கொளுத்தும்போதும், தீபாவளிக்கும் வருசப்பிறப்புக்கும் சீன வெடி போடும்போதும், கோயில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கர் கட்டும்போதும் பூனைக்குத் தேவை ஒளிய ஓரிடம். மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த சத்தங்களும் அதற்குக் கேட்கும். மட்டைப்பெட்டி ஒன்றை ஒரு பக்கம் வெட்டி, பழைய சாரம் ஒன்றைப் போட்டு, அலுமாரிக்கு மேலோ கட்டிலுக்குக் கீழோ நிரந்தரமாக வைத்துவிடுங்கள். ஒளிந்திருக்கும் பூனையை இழுத்தெடுத்து மடியில் வைத்து ஆறுதல் சொல்ல வேண்டாம். சத்தம் ஓய்ந்தபின் தானாக வரும்.

இன்னொன்று வன்னிக்கு முக்கியம். பூனை ஒரு மூலையையோ விறகுக் குவியலையோ காது முன்தள்ளி, வால் நுனி துடிக்க, நீண்ட நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே பாம்பு இருக்கலாம். பூனையைத் தூக்கப் போகாதீர்கள். கிளர்ச்சியில் இருக்கும் பூனை யார் கை என்று பாராமல் கடிக்கும், பாம்பும் பக்கத்தில். தள்ளி நின்று சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிக் கூப்பிடுங்கள். யன்னலுக்கு வெளியே அயல் கடுவனைக் கண்டு சீறிய பூனையும் இதே நிலைதான். அது தணிய ஓர் இரவுகூட ஆகலாம். இருட்டான அறையில் தனியே விட்டுவிடுங்கள்.

கடி பட்டால், சிறு துளையாகத் தெரிந்தாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பூனைப் பல் மெல்லியது, ஆழமாக இறங்கும். மேல் தோல் மூடிக்கொள்ள, உள்ளே ஒரு நாளுக்குள் சீழ் வைக்கும். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கிட்ட உள்ள அரச வைத்தியசாலைக்கு அன்றைக்கே போங்கள். விசர்நாய்க்கடி நோய் பூனையாலும் வரும். நோய் வெளிப்பட்டபின் மருத்துவம் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் எங்கே போனாலும் பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா, எப்போது போட்டது என்று கேட்பார்கள். அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

கூடையும் பயணமும்

உரப்பையை மறந்துவிடுங்கள். காற்றுப் போகாது, வெளிச்சம் வராது, உடம்பு சாய்ந்து நிற்க அடித்தளம் இல்லை. பூனையின் வியர்வை பாதத்தில் மட்டுமே. பைக்குள் வெக்கை ஏறினால் அதற்குப் போக்கிடமே இல்லை. கடையில் விற்கும் பூனைக்கூடு கிடைத்தால் மேலால் திறக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமும் உள்ள, துளை விட்ட ஒரே அளவுப் பிளாஸ்ரிக் உடுப்புக் கூடைகள் இரண்டை வாயோடு வாய் வைத்துக் கட்டுங்கள். ஒரு நீளப் பக்கத்தில் நாலு கேபிள் டையைச் சற்றுத் தளர்வாகப் போட்டால் பிணைச்சல் ஆகிவிடும். மறுபக்கத்தை நைலோன் கயிற்றால் அவிழ்க்கக்கூடிய முடிச்சாகக் கட்டலாம். துளை பூனையின் தலை நுழையாத அளவாக இருக்க வேண்டும். அடியில் பழைய பத்திரிகை, அதற்குமேல் பூனை வழக்கமாகப் படுக்கும் துணியைக் கழுவாமல் போடுங்கள். அதன் சொந்த மணம்தான் அங்கே அதற்கு வீடு.

பயணத்துக்குப் பத்து நாள் முன்னரே கூடையைத் திறந்தபடி அது படுக்கும் இடத்தில் வைத்துவிட வேண்டும். பயண நாளில் மட்டும் பரணிலிருந்து இறங்கும் கூடையைக் கண்டதுமே பூனை வேலிக்கு அப்பால் போய்விடும். முதல் மூன்று நாள் சாப்பாட்டைக் கூடைக்கு அருகில் வையுங்கள், பிறகு வாசலில், பிறகு உள்ளே. உள்ளே நின்று அமைதியாகச் சாப்பிடத் தொடங்கியதும் மூடியைச் சாத்தி, அது முடிக்கும் முன்னர் திறந்துவிடுங்கள். அடுத்து ஒரு நிமிடம், அடுத்து ஐந்து நிமிடம். கடைசி இரண்டு நாளும் மூடிய கூடையைத் தூக்கி முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து உள்ளே ஒரு துண்டு மீன் போடுங்கள். வளவில் முளைத்திருக்கும் குப்பைமேனியை வேரோடு பிடுங்கி, மண் உதறி, அந்த வேரைக் கூடைக்குள் போட்டால் பல பூனைகள் தாமாகவே உள்ளே போய்ப் புரளும். பூனைவணங்கி என்று அதற்குப் பெயருண்டு. சற்று நேரத்தில் வேரை எடுத்துவிடுங்கள், தின்னக் கொடுப்பதற்கல்ல.

பழக்க நேரமில்லாத அவசரத்தில், சிறிய அறை ஒன்றில் பூனையை விட்டு, கட்டிலுக்குக் கீழும் அலுமாரிக்குப் பின்னும் தலையணை வைத்து அடைத்து, கூடையை மட்டும் துணியால் மூடி இருட்டான ஒளிவிடமாகச் சுவரோரம் வையுங்கள். வெளியே வந்து பத்து நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் தானே உள்ளே போயிருக்கும். கையால்தான் வைக்க வேண்டுமென்றால் துவாயை மேலே போட்டு, துவாயோடு சேர்த்து அள்ளி, மேல் வாயால் பின்னங்கால் முதலில் இறங்கும்படி வையுங்கள். தலையை முன்னே தள்ளி நுழைக்கப் பார்த்தால் நாலு காலாலும் வாசலைப் பற்றிக்கொள்ளும்.

காலை ஏழு மணிக்கு முன் புறப்படுவது நல்லது. மூன்று நாலு மணித்தியாலத்துக்கு முன்னரே சாப்பாட்டை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கிரவல் ரோட்டுக் குலுக்கத்தில் வாந்தி எடுக்கும். தண்ணீர் கொடுக்கலாம். சத்திரசிகிச்சை என்றால் எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். குட்டிகளை நீண்ட நேரம் பட்டினி போடக்கூடாது. கூடையின் மூன்று பக்கத்தை மெல்லிய பருத்தித் துணியால் மூடுங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் கூடையைத் தமக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே மடியில் வைத்து இரு கையாலும் பிடிக்க வேண்டும். ஹாண்டிலில் கொழுவக்கூடாது, பின்னால் கரியரில் கட்டவும் கூடாது. ஓட்டோவில் கால்களுக்கு நடுவே தரையில் வைத்து, பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். பஸ்சில் இஞ்சினுக்குக் கிட்ட இருக்க வேண்டாம். வழியில் பூனை வாயைத் திறந்து இளைத்தால் நிழலில் நிறுத்தி, பாதத்தையும் காதையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, காற்றுப்பட விடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். சில நிமிடத்தில் அடங்காவிட்டால் வைத்தியருக்கு அழைத்துச் சொல்லிவிட்டு நேரே போக வேண்டும்.

மிகவும் பயப்படும் பூனைக்குப் பயணத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னர் கொடுக்க கபாபென்ரின் என்ற மருந்தை வைத்தியர்கள் எழுதித் தருவதுண்டு. அளவு எடையைப் பொறுத்தது, ஆகவே கேட்டு வாங்கித்தான் கொடுக்க வேண்டும்.

அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் மாடு, ஆடு, கோழி வேலைதான் கூடுதல். வைத்தியர் வெளிக்களத்துக்குப் போயிருக்கவும் கூடும். போனில் நேரம் கேட்டுக்கொண்டு போனால் வீண் காத்திருப்பு குறையும். காத்திருக்கும்போது கூடையை நிலத்தில் வைக்காமல் வாங்கிலோ மடியிலோ, நாய்களுக்கு முதுகு காட்டி, துணி மூடியபடி வைத்திருங்கள். உள்ளே போனதும் பூனையை வெளியே இழுக்காமல் மேல் கூடையை மட்டும் திறந்து, கீழ்க்கூடைக்குள் இருக்கும்போதே பார்க்க முடியுமா என்று கேளுங்கள். காய்ச்சலும் வயிறும் பார்ப்பது, ஊசி போடுவது எல்லாம் அப்படியே முடியும். வீட்டில் நொண்டியதையோ இருமியதையோ போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்திருந்தால் நல்லது. வைத்தியரின் மேசையில் பயத்தில் பூனை எதையும் காட்டாது.

வீடு திரும்பியதும் மற்றப் பூனைகள் அதைப் பார்த்துச் சீறினால் வியப்பில்லை. அதன்மேல் ஸ்பிரிட்டும் நாயும் அந்நியக் கையும் மணக்கின்றன. ஓர் அறையில் தனியே, சொந்தத் துணியோடும் மணல் பேசினோடும் அன்றிரவு விடுங்கள். அடுத்த நாள் வீட்டுப் பூனைகள் படுக்கும் துணியால் அதன் கன்னத்தையும் முதுகையும் துடைத்துவிட்டுச் சேர்க்கலாம். நலம் அடித்த அல்லது கருப்பை எடுத்த பூனை மயக்கம் தெளியும்வரை உயரத்தில் ஏறாதபடி தரையில் படுக்க வேண்டும். மரத்துக்கும் கூரைக்கும் பத்து நாள் விடக்கூடாது. தையலை நக்கினால் கழுத்துக்குக் கூம்பு போட வேண்டும். தையல் தானாகக் கரைவதா, பிரிக்க வேண்டியதா என்பதை அங்கேயே கேட்டுக்கொண்டு வாருங்கள். பிரிக்கத் தேவையில்லை என்றால் இன்னொரு பயணம் மிச்சம். தேவை என்றால் கூடையை மடித்து வைக்காமல் திறந்தபடியே அறையில் விட்டு, சாப்பாட்டை மறுபடி அதற்குள் வையுங்கள்.